எரிமலைப் பாடத்தில் பொங்கின பால்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு (பொறுமை இதைப் படித்து முடிக்கத் தேவைப்படும்),

அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும், என் இரத்த அழுத்தமும், மாடி வீட்டுக்காரரும் சுகம். போனில் பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் நான் முதல் வாக்கியத்திலேயே கத்திவிடுவேன், தாங்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே வைத்துவிடுவீர்கள். கடிதமென்றால் கடைசிவரை கத்தலாம். ஆகவே கடிதம்.

முதலில் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா பார்வையில்லாத பிள்ளைகளுக்காக வாசித்துப் பதிவு செய்த பூகோளப் பாடங்கள் இருக்கின்றனவே, அவற்றின் பழைய பதிவு, அதாவது நான் கை வைப்பதற்கு முந்தைய பதிவு, தங்களிடம் ஏதாவது பழைய கம்ப்யூட்டரிலோ, மூடி உடைந்த லேப்டாப்பிலோ, அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்ட டிஸ்கிலோ கிடக்கிறதா என்று தேடிப் பார்த்துச் சொல்லவும். என்னிடம் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். அதில் தங்களுக்கும் பங்கு உண்டு. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு வருத்தப்படக் கூடாது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் உங்கள் அக்கா, தான் வகுப்புக்காகக் கைப்பட எழுதி வைத்திருந்த பாடங்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாளே, அது தங்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடி போட்ட அறை, சத்தம் புகாத கதவு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் கூடம், நடுவில் அவள், எதிரே ஒரு சின்ன மைக். என்ன ஆகும்? "பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு அழுத்தம் தாங்காமல் மேலெழுந்து" என்று கம்பீரமாகப் போய்க்கொண்டிருக்கும், அதே மூச்சில், "ஏங்க, பால் பொங்குது பாருங்க!" என்பாள். நான் செருப்புச் சத்தத்தோடு ஓடுவது கேட்கும். ஒரு பாத்திரம் விழும். "போச்சா? சரி விடுங்க, கையைச் சுட்டுக்காதீங்க, துணியைப் போட்டுத் துடைங்க" என்பாள். பிறகு எரிமலை விட்ட இடத்திலிருந்து தொடரும். பேசுவதற்கு முன்னால் மெஷினை நிறுத்தக் கூடாதா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நிறுத்தினா திரும்ப எந்தப் பட்டனை அமுக்கணும்னு மறந்துபோகுதுங்க. பிள்ளைங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க" என்பாள். ஒரு அச்சகத்தில் ஆயுள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவனுக்கு இப்படி ஒரு மனைவி. புத்தகத்தில் ஒரு புள்ளி தவறினால் ராத்தூக்கம் போகிறவன் நான். அவள் என்னடாவென்றால் கடல் நீரோட்டத்துக்கு நடுவே வெங்காயம் உரிக்கச் சொல்கிறாள்.

கேட்கிற பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள், ஒரே இடத்தில் வைத்தால் தாங்காது, டொரண்டில் போடுங்கள், ஒருத்தர் வாங்கின துண்டை அவரே அடுத்தவருக்குக் கொடுப்பார், அது பாட்டுக்குப் பரவும் என்று சொன்னது யார்? தாங்கள். சாப்பிட வந்த இடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து அதைச் செட் பண்ணிக் கொடுத்தது யார்? அதுவும் தாங்கள்தான். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரோ ஒருவர் புதிதாக வந்து வாங்கினால் திரையில் ஒரு வரி கூடும். "இன்னொரு பிள்ளை வந்திருக்கு பாருங்க" என்று வாசலில் விருந்தாளி வந்ததுபோல் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஏதாவது ஒன்று ஓடட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் மாடி வீட்டுக்காரர் வருகிறார். இணைய இணைப்புக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. எதைச் சொன்னாலும் கடைசியில் "ஜாக்கிரதை சார்" என்று முடிப்பதால் அவருக்கு ஜாக்கிரதை என்றே பெயர் வைத்துவிட்டேன். தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச வந்தவர் திரையைப் பார்த்துவிட்டார்.

"இதெல்லாம் யாரு சார்?"

"பாடம் வாங்குற பிள்ளைங்க."

"அவங்க ஐ.பி. நம்பர் உங்களுக்குத் தெரியுதுல்ல? அதே மாதிரி உங்களுது அவங்களுக்குத் தெரியும். யாரு எதைக் குடுக்கிறாங்க, யாரு எதை வாங்குறாங்கன்னு அத்தனை பேரும் பாக்கலாம். வீட்டு அட்ரஸ் மாதிரி சார் அது. ஜாக்கிரதை சார்."

வீட்டு அட்ரஸாம்! நானோ தனியாக இருக்கிற மனிதன். அன்று சாயங்காலமே வாசல் கேட்டிலிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கம்ப்யூட்டர் இருந்த பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டேன். ஐ.பி. என்பது அந்த மாதிரி அட்ரஸ் இல்லை என்று பிறகுதான் அவர் விளக்கினார். அதற்குள் பெயர்ப் பலகை இல்லாததால் தபால்காரர் என் தபாலையெல்லாம் மாடியில் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். என் அந்தரங்கத்தைக் காப்பாற்றப் போய் என் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் ஜாக்கிரதை படித்துவிட்டார்.

அவரே வழியும் சொன்னார். ஒன்று, வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வி.பி.என். என்ற ஒரு சுரங்கப்பாதை வழியாக அனுப்பலாம். அல்லது வேற்று நாட்டில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, பாடங்களை அங்கே குடிவைத்துவிடலாம். அப்போது மற்றவர்கள் கண்ணில் படுவது அந்த சர்வரின் நம்பர்தான், நம் வீட்டு நம்பர் இல்லை. வாடகை சர்வரிலும் இரண்டு ஜாதி. ஒரு பெரிய கம்பெனி. அடையாள அட்டை கேட்பார்கள், எல்லாவற்றையும் பதிந்து வைப்பார்கள், நாம் கேட்காமலே நம் கோப்புகளுக்கு இன்னொரு நகலும் எடுத்து வைப்பார்கள். இன்னொன்று சின்ன கம்பெனி. முகப்பிலேயே போட்டிருந்தான்: நீங்கள் கொடுக்கும் பெயர் நிஜமா என்று கேட்க மாட்டோம், எதையும் பதிந்து வைக்க மாட்டோம், நகல் எடுக்க மாட்டோம், நீங்கள் போனால் உங்கள் சுவடே இருக்காது. ஆகா என்று சொக்கிப்போனேன். மெய்ப்புக்காரன் கண்ணால் அந்த வாக்கியத்தைப் படித்தேன், ஒரு பிழை இல்லை. அர்த்தத்தைப் படிக்கவில்லை. ஜாக்கிரதையின் பேச்சைக் கேட்டு, பெயர் பொய், பிறந்த தேதி பொய், பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் பொய், அந்தப் பொய்ப் பெயரிலேயே புதிதாக ஒரு ஈமெயில் என்று எல்லாவற்றையும் போட்டு, எதையும் எழுதி வைக்காதீங்க சார் என்றாரே என்று எதையும் எழுதியும் வைக்காமல், பாடங்களை அங்கே ஏற்றினேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அந்தச் சுரங்கத்தைப் போட்டு, வெளியிலிருந்து வருகிற வழிகளையெல்லாம் ஜாக்கிரதை அடைத்துவிட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் தங்கள் போன் வந்தது. நினைவிருக்கிறதா? நான் மறக்கவில்லை. "அத்தான், நில அதிர்வுப் பாடத்துல என் குறட்டை கேக்குதாம். கூட வேலை பாக்குறவர் பொண்ணு அதைக் கேட்டுட்டு, ஆபீஸ் முழுக்கச் சிரிக்கிறாங்க. அக்கா வேற, பயப்படாதீங்க பிள்ளைங்களா, இது பூகம்பம் இல்லை, கூடத்துல என் தம்பி தூங்குறான்னு சொல்றா. மானம் போகுது. அதை வெட்டி எடுத்துடுங்க அத்தான்" என்றாய். என்றீர்கள்.

வெட்டு என்ற சொல் என் காதில் விழுந்திருக்கக் கூடாது. குறட்டையை மட்டும் வெட்டினால் போதுமா? பால் பொங்குகிறதே? வெங்காயம்? மருந்துக்கடைக்காரரோடு போட்ட சண்டை? எதிர்வீட்டம்மாவைப் பற்றிச் சொன்னது? அவள் உழைப்பில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது, பிள்ளைகளுக்குச் சுத்தமான பதிப்பாகப் போக வேண்டும், இதுதான் நான் அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். சத்தியமாக மரியாதை என்றுதான் நினைத்தேன், மைத்துனரே. தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, ஆபீசுக்குப் போகிற மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அவள் பேசுவாள். நான் வெட்டுவேன். "ஏங்க, மணி ஆச்சு, சாப்பிட வாங்க." வெட்டு. "ஏங்க, மழை வருது, துணியை எடுங்க." வெட்டு. என் பெயர் எங்கேயாவது வந்திருக்குமோ என்ற பயத்தில் அதை ஊன்றித் தேடினேன். ஒரு பாடத்திலும் இல்லை. எல்லா இடத்திலும் ஏங்கதான். ஒரு பாடம் முடிந்ததும், சும்மா அழித்தால் அழியாது சார், மேலே மேலே எழுதி அழிக்கணும் என்று ஜாக்கிரதை சொன்னபடி, வீட்டிலிருந்த பழைய பதிவைத் தடம் தெரியாமல் அழித்தேன். சர்வரில்தான் முழுசாக இருக்கிறதே என்ற தைரியம். உண்மையைச் சொன்னால், அவள் போன பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிட்டதும் தூங்கினதும் அந்த மாதங்களில்தான். நாள் முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசிப் பாடமும் முடிந்தது. பிள்ளைகள் கூடிப் பேசுகிற இணையப் பக்கத்தில் புதிய பதிப்பைப் போட்டுவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். மறுநாள் காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் சொல்லவில்லை. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, சரி, அந்த எரிமலைப் பாடத்தை ஒரு தடவை பழையபடி கேட்போம் என்று தோன்றியது. போய் உட்கார்ந்தேன். அப்படி ஒரு சர்வரே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். டொரண்டிலும் பழையதைக் கொடுக்க ஒருவரும் இல்லை.

என் பேங்க் கார்டு காலாவதியாகிவிட்டது. சந்தா கட்டவில்லை. ஐயா கட்டுங்கள், ஐயா கட்டுங்கள் என்று அவர்கள் அந்தப் பொய்ப் பெயர் ஈமெயிலுக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்டு எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. பதறிப்போய்க் கம்பெனிக்கு எழுதினேன். பெயர் பொருந்தவில்லை என்றார்கள். பிறந்த தேதி கேட்டார்கள். நீங்கள் முதலில் படித்த பள்ளியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். என்ன பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, வாய்க்கு வந்த பள்ளிக்கூடத்தையெல்லாம் எழுதினேன். கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு எழுதினார்: தாங்கள் யாராக இருந்தாலும் பயனில்லை, நாங்கள் சொன்னபடி எதையும் வைத்திருக்கவில்லை. சொன்ன சொல் தவறாத கம்பெனி. நான் என்ன சொல்லித் திட்டுவது? மேசையில் தலையை வைத்து அழுதேன். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேனே தவிர அழவில்லை. தாங்கள்தான் பார்த்தீர்களே.

இப்போது வீட்டில் இருப்பது சுத்தமான பதிப்பு. எரிமலை வெடிக்கிறது, அடங்குகிறது. பிழையே இல்லை. போட்டுக் கேட்டால் வேறு யாரோ ஒரு டீச்சர் பேசுகிற மாதிரி இருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இணையப் பக்கத்தில் என் புதிய பதிப்புக்குக் கீழே ஒரே ஒருவர் எழுதியிருந்தார். "நன்றி. ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதில் அந்த அம்மா யாரையும் கூப்பிடுவதில்லை. பழையதில் அவர் கூப்பிடுகிற இடத்தில்தான் நாங்கள் நிறுத்தி மூச்சு விடுவோம். என்னிடம் பழையது இருக்கிறது, அதையே கேட்கிறேன்." படித்த கையோடு, பழைய பதிவு எனக்கு வேண்டும் என்று எழுதினேன். பார்வையில்லாத மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியில் இருப்பவராம். பதில் போட்டார்: "அது ஒரு வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. கேலி செய்ய வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து யாரென்று தெரியாமல் நான் கொடுப்பதில்லை. நீங்கள் யார்?"

ஜாக்கிரதையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வேறொரு சிக்கலைச் சொன்னார். "அவரு இருக்கிறது ஹாஸ்டல் நெட். அவங்க பக்கம் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், அவரு கையில ஒண்ணும் இல்லை. உங்க பக்கமும் நாமதான் எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கோம். ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தா எப்படி சார் பாத்துக்க முடியும்? யாராவது ஒருத்தர் திறக்கணும். உங்க ரூட்டர்ல ஒரு போர்ட்டைத் திறந்து விடணும். சுரங்கத்தையும் எடுத்துடணும். உங்க வீட்டு நம்பர் வெளியில தெரியும்." வழக்கமான அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே படியேறிப் போய்விட்டார்.

நான் திறக்கவில்லை. பதிலும் போடவில்லை. என்ன போடுவது? அங்கேயும் பொய்ப் பெயரில்தான் இருக்கிறேன். புருஷன் என்றால் யார் நம்புவார்கள்? நம்பினால், அந்த அம்மாவின் பேச்சையெல்லாம் வெட்டிப் போட்ட புண்ணியவான் நீதானா என்று கேட்டால்? ஊர் பேர் தெரியாதவரிடம் போய் என் பெண்டாட்டி குரலைக் கொடு என்று கை நீட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே குடும்பத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று தங்களுக்கு எழுதுகிறேன். இருந்தால் அனுப்பவும். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதவும். இந்த மாதத்தோடு இணைய இணைப்பைத் துண்டித்து, கம்ப்யூட்டரை மூட்டை கட்டி, மிச்சக் காலத்தை யாருக்கும் தெரியாமல் கழித்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். இது உறுதி. மாற்றமில்லை.

தங்கள் துணைவியாரை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் நன்றாகப் படித்து, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், நீடூழி வாழ என் ஆசிகள். தாங்கள் ஒருக்களித்துப் படுத்துப் பழகவும், குறட்டை குறையும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறை வாங்கப் போகச் சோம்பல்பட்டு இந்தக் கடிதம் சில நாள் மேசைமேலேயே கிடந்தது. அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. ஆகவே மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். எதையும் தேட வேண்டாம்.

மனசு கேட்காமல் அந்த விடுதிப் பிள்ளைக்குப் பதில் எழுதினேன். பெயர் போடவில்லை. என்ன பெயர் போட்டாலும் அவருக்குத் தெரியாதே. "அவர் ஏங்க, ஏங்க என்று கூப்பிடுவாரே, அது நான்தான். வெட்டினதும் நான்தான்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "நீங்களா! அன்றைக்குப் பால் முழுக்கப் போச்சா, கொஞ்சமாவது மிஞ்சிச்சா? எங்க விடுதியில் எல்லாருக்கும் இது பல நாள் சந்தேகம்." கொஞ்சம் மிஞ்சியது, இருவரும் பாதிப் பாதி காப்பி குடித்தோம் என்று எழுதினேன். பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். ஜாக்கிரதை இறங்கி வந்து, சுரங்கத்தைப் பிடுங்கிப் போட்டு, போர்ட்டைத் திறந்து விட்டார். கொஞ்சங் கொஞ்சமாக அத்தனை பாடமும் வந்து சேர்ந்தது. இப்போது என் வீட்டிலிருந்தே, என் சொந்த நம்பரிலேயே, கேட்கிறவர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. பெயர்ப் பலகையைத் துடைத்து மாட்டிவிட்டேன்.

நில அதிர்வுப் பாடத்தை முழுசாகக் கேட்டேன். உன் குறட்டை அப்படியே இருக்கிறது. இனி நான் வெட்ட மாட்டேன்டா, நீ காலில் விழுந்தாலும் வெட்ட மாட்டேன். அவள் உன்னை என் தம்பி என்று சொல்கிற இடம் அந்தப் பதிவுகளிலேயே அது ஒன்றுதான். ஒருநாள் வந்து கேள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா.

இந்தக் கடிதத்தில் பிழைகள் இருக்கும். திருத்தவில்லை.

இன்னொன்று. இன்று காலை கடல் நீரோட்டப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, வாசல்ல யாரோ நிக்கிறாங்க போலிருக்கு, போய்க் கதவைத் திறங்க" என்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு, போய்க் கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. வெயில்தான் இருந்தது. பிறகு கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, மிச்சப் பாடத்தைக் கேட்க உள்ளே வந்தேன்.